சுழலாத பந்து

பியூமாண்ட், டெக்சஸ்
ஆகஸ்ட் 19, 1984

மாப்பிள்ளை அன்செல்மோவுக்கு,

என் தங்கையைக் கட்டியவன் என்பதால் மட்டும்தான் மாப்பிள்ளை என்று எழுதுகிறேன். இல்லாவிட்டால் வேறு வார்த்தைகள் கைவசம் இருக்கின்றன. வலது கையை டாக்டர் பலகை வைத்துக் கட்டிவிட்டதால் இடது கையால் எழுதுகிறேன். படிக்க முடியாவிட்டால் டார்லீனிடம் கொடு. என் கோணல் எழுத்து அவளுக்குப் பழக்கம்.

வியாழக்கிழமை சாயங்காலம் மேனேஜர் ஸ்டக்கி என்னைக் கூப்பிட்டு, "பெரிய லீக்ல இருந்து கூப்பிட்டுட்டாங்க ராய்ஸ். நாளைக்குக் காலையில விமானம். நல்ல சட்டை ஒண்ணு இருந்தா எடுத்து வச்சுக்கோ" என்றார். ஆறு வருஷமாகப் பேஸ்பால் கீழ் லீக்குகளில் பஸ்ஸிலேயே தூங்கி, பஸ்ஸிலேயே தின்று, ஊர் ஊராகப் போய்ப் பந்து எறிந்தவன் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். ராத்திரியே சட்டையை இஸ்திரி போட்டேன். காலையில் பெட்டியோடு போய் நின்றால் ஸ்டக்கி என் முகத்தைப் பார்க்கவில்லை. "முழங்கைய டாக்டர் பார்க்கணும்" என்றார். "யார் சொன்னா?" என்றேன். "உன் கேட்சர்தான்." என் பந்தைப் பிடிக்கிறவன், அதாவது நீ.

என் இடத்தில் டுலேனி போய்விட்டான். அவன் பந்தை எங்கள் ஊர் தபால்காரர்கூட அடிப்பார்.

முழங்கையில் தசைநார் கிழிந்திருக்கிறது, அறுவை செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். இருக்கட்டும். ஒரே ஒரு ஆட்டத்துக்கு இந்தக் கை தாங்கியிருக்கும். அதற்கப்புறம் கழன்று விழுந்திருந்தால் பொறுக்கி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அந்த ஒரு ஆட்டத்தை நீ எடுத்துக்கொண்டாய். ஏன் என்று எழுது. மன்னிப்பு எழுதி அனுப்பாதே, அது எனக்கு வேண்டாம்.

ராய்ஸ் டிண்டல்


போர்ட்டாலஸ், நியூ மெக்சிகோ
செப்டம்பர் 2, 1984

மச்சான்,

முழுப்பெயரைப் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறாய். வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தது. மன்னிப்பு அனுப்பாதே என்றாய். நல்லதாயிற்று, என்னிடம் இல்லை.

ஏன் சொன்னேன் என்று கேட்கிறாய். ஜூலை முழுக்க ஓட்டல் அறைக் கதவை நான்தான் திறந்தேன். உனக்குச் சாவி திருக வரவில்லை. காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தாய். கடைசி இரண்டு விரல்களுக்கும் உணர்ச்சி இல்லை என்பதை மேஜையில் சூடான தட்டைத் தொட்டும் கையை எடுக்காமல் இருந்தாயே, அப்போதே பார்த்துவிட்டேன். நீ எறிகிற பந்து வேறு யாரிடமும் போகவில்லை, என் கைக்குத்தான் வருகிறது. உன் கைக்குள் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரியும். "வலிக்குதாடா?" என்று கேட்டால், "கொசு கடிச்ச மாதிரி" என்றாய்.

ஸ்டக்கியிடம் ஒளிந்து போய்ச் சொல்லவில்லை. கதவைத் தட்டினேன், உட்கார்ந்தேன், சொன்னேன். "இத உன் மச்சான்கிட்ட சொல்லிட்டியா?" என்று அவர் கேட்டார். "சொன்னா அவன் என்னை அடிப்பான், அடிச்சா இருக்கிற கையும் போயிடும்" என்றேன்.

அந்த ஒரு ஆட்டம் எப்படிப் போயிருக்கும் தெரியுமா? மூன்றாவது இன்னிங்ஸில் அத்தனை ஆயிரம் பேர் முன்னால் கையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருப்பாய். அதை டார்லீன் டிவியில் பார்த்திருப்பாள்.

கோள் சொன்னதற்கு எனக்குப் பரிசு ஏதும் கிடைத்ததோ என்று உனக்குத் தோன்றும். கிடைத்தது. நீ டாக்டரிடம் போன அன்றைக்கே சீட்டுக் கிழித்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பிடிக்கிறேன், ஆனால் என் மட்டையில் பந்து படுவதில்லை. அதில் புதிய செய்தி ஒன்றும் இல்லை. இப்போது வேர்க்கடலைத் தோட்டங்களுக்குப் பம்பு ரிப்பேர் செய்கிறேன். பம்பு எதிர்த்துப் பேசுவதில்லை.

அறுவையைச் செய்துகொள்.

அன்செல்மோ


டாம்பா, ஃப்ளோரிடா
பிப்ரவரி 10, 1985

மாப்பிள்ளை,

கிறிஸ்துமஸுக்கு ஏன் வரவில்லை என்று டார்லீன் மூன்று கடிதம் போட்டுவிட்டாள். நீ அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பாய், அதனால்தான். அவளுக்கு வேறு காரணம் எழுதினேன்.

அறுவை நடந்தது. இடது மணிக்கட்டிலிருந்து நார் எடுத்து வலது முழங்கையில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். மீன் வாய் மாதிரி ஒரு தழும்பு. கடைசி இரண்டு விரல்களுக்கும் உணர்ச்சி திரும்பிவிட்டது. நேற்றுக் கழுவும் தொட்டியில் சுடுதண்ணீர் பட்டதும் கத்தினேன். பக்கத்தில் இருந்த நர்ஸ் பயந்துபோனாள். எனக்குச் சந்தோஷம்.

ரப்பர் பந்தைப் பிசைகிறேன். சுவரில் விரலால் ஏறுகிறேன். இங்கே என்னோடு இருப்பவர்கள் ஒவ்வொருவரும் தன் கை எப்போது சரியாகும் என்று டாக்டரைக் கேட்கிறார்கள். நான் கேட்பதில்லை. "ஜூன்ல எறியறேன், குறிச்சு வச்சுக்கோங்க" என்று நானே அவருக்குச் சொன்னேன். அவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

டுலேனியை மேலே இருந்து இரண்டு வாரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். தபால்காரரைப் பற்றி நான் சொன்னது சரிதானே.

இந்தக் கடிதம் சமாதானம் இல்லை. பம்புக் கடை எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள எழுதினேன், அவ்வளவுதான்.

ராய்ஸ்


போர்ட்டாலஸ்
மார்ச் 3, 1985

மச்சான்,

பம்புக் கடை நன்றாகப் போகிறது. மண் புகுந்த பம்புக்கும் முழங்கைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வலுக்கட்டாயமாக ஓட்டினால் இரண்டும் ஒரே மாதிரி சத்தம் போடும்.

உனக்கு ஒரு செய்தி. ஆகஸ்டில் நீ மாமன் ஆகப் போகிறாய். டார்லீன் தானே எழுதுவதாகச் சொன்னாள், பிறகு, "நீயே எழுது, சண்டையத் தவிர அவனுக்கு எழுத உன்கிட்ட வேற விஷயமே இல்ல" என்றாள். நான், "உங்க அண்ணன் என்மேல இன்னும் கோவமாத்தான் இருக்கான்" என்றேன். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "அவன் பக்கம் பேசினா நீ மூஞ்சியத் தூக்குவ. உன் பக்கம் பேசினா அவன் தூக்குவான். நான் எந்தப் பக்கமும் இல்ல. ரெண்டும் கழுதைங்க. பொறக்கப் போற குழந்தைகிட்ட மட்டும் ரெண்டு பேரும் ஒழுங்கா பேசினா போதும்."

அப்படியே எழுதியிருக்கிறேன், ஒரு சொல் மாற்றவில்லை.

சுடுதண்ணீர் பட்டுக் கத்தியதைப் படித்துக் காட்டினேன். மாவுக் கையோடே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகமெல்லாம் மாவு.

அன்செல்மோ


பியூட், மொன்டானா
ஜூலை 21, 1985

மாப்பிள்ளை,

ஜூனில் எறிவேன் என்றேன், எறிந்தேன். ஆனால் அடிமட்ட லீக்கில் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் முடித்து நேராக வந்த பையன்கள். பஸ்ஸில் என்னை, "தாத்தா, ஜன்னலோரம் வேணுமா?" என்கிறார்கள். எனக்கு இருபத்தேழு வயது.

கை வலிக்கவில்லை. இதை உனக்குத்தான் முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நீ நம்பமாட்டாய். வலி போன இடத்தில் வேகமும் போய்விட்டது. முன்பெல்லாம் அடிக்கிறவன் கண் சிமிட்டுவதற்குள் என் பந்து அவனைத் தாண்டியிருக்கும். இப்போது அவன் சாப்பிட்டுவிட்டு வந்து அடிக்கலாம். போன வாரம் ஒரு பையன் அடித்தது வேலிக்கு வெளியே நின்ற ஐஸ்கிரீம் வண்டியில் போய் விழுந்தது. அவனே என்னிடம் வந்து, "சாரி சார்" என்றான். அடித்ததைவிட அந்த சார்தான் வலித்தது.

உடனே நான் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்காதே. நம் இரண்டு பேரும் ஆட்டத்துக்கு முன்னால் விளையாட்டுக்கு எறிவோமே, நகத்தால் பிடித்துச் சுழலாமல் தள்ளிவிடுகிற பந்து, உன் முட்டியையெல்லாம் வீங்க வைத்தேனே, அதை மறுபடி கையில் எடுத்துவிட்டேன். அதற்கு வேகமே தேவையில்லை. காற்று எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் போகும். எங்கே போகும் என்று எனக்கே தெரியாதபோது அடிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேரை வரிசையாகத் திணறடித்தேன்.

ஒரே தொல்லை, கேட்சருக்கும் தெரியவில்லை. பாதிப் பந்து அவனைத் தாண்டிப் பின்னால் ஓடுகிறது. அவனும் பின்னாலேயே ஓடுகிறான். மேனேஜர் சொல்கிறார்: "உன் பந்து நல்லாத்தான் இருக்கு தாத்தா. அதப் பிடிக்க ஒரு ஆள் இருந்தா சொல்லு."

யாரையும் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

ராய்ஸ்


போர்ட்டாலஸ்
ஆகஸ்ட் 25, 1985

மச்சான்,

பெண் குழந்தை. பெயர் மரிசெலா. இருவரும் நலம். நெற்றி உன்னுடையது, பாவம்.

யாரையும் தெரியாது என்றாயாம். சரி. அந்தப் பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கிறவன் ஒருவன் எனக்குத் தெரியும். ரகசியமும் சொல்கிறேன், உன் கேட்சர் பையனுக்குச் சொல்லிக் கொடு. பந்தைத் தேடிக் கையைக் கொண்டுபோகக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அது கடைசியாக ஒரு முறை திரும்பும், அப்போது பாய வேண்டும். வழக்கமான கையுறை போதாது. டார்லீன் மென்பந்து ஆடியபோது வைத்திருந்தாளே, முறம் மாதிரி ஒரு கையுறை, அதுதான் சரி.

இதைப் படித்து உன் பையன் பிடித்துவிட்டான் என்றால் எனக்கு எழுது. எழுதமாட்டாய்.

அன்செல்மோ


பியூமாண்ட்
ஏப்ரல் 6, 1986

மாப்பிள்ளை,

ஸ்டக்கி என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பழைய ஊர், பழைய ஓட்டல், அதே கிரீச்சிடும் கதவு. இந்தத் தடவை சாவியை நானே திருகுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே இரண்டு கேட்சர்கள். ஒருவன் முதல் நாளே என் பந்தில் கட்டைவிரலைச் சுளுக்கிக்கொண்டான். இன்னொருவன் நான் எறிய வந்தாலே வயிற்றுவலி என்கிறான். ஸ்டக்கி என்னை ஓரமாக இழுத்துப் போய்ச் சொன்னார்: "அடிக்கிறவன் உன்னை அடிக்கல. நம்ம ஆளுங்கதான் உன்னைத் தோக்க வைக்கிறானுங்க. உன் மாப்பிள்ளை அந்தக் குவிரோகா இப்ப என்ன பண்றான்?" பம்பு ரிப்பேர் செய்கிறான் என்றேன். "இன்னும் அடிக்க வராதா அவனுக்கு?" "இன்னும் மோசமாயிருப்பான்." "பரவாயில்ல. உட்காரத் தெரியும்ல? வரச் சொல்லு."

பெஞ்சில் ஒரு இடம் இருக்கிறது. நான் எறிகிற நாளில் மட்டும் நீ பிடித்தால் போதும். சம்பளம் எப்படி என்று உனக்கே தெரியும்.

நான் உன்னை மன்னிக்கவில்லை. அதையும் இதையும் போட்டுக் குழப்பாதே. வா.

ராய்ஸ்


போர்ட்டாலஸ்
ஏப்ரல் 13, 1986

மச்சான்,

உன் கடிதத்தை டார்லீன் எனக்கு முன்னால் படித்துவிட்டாள். நான் வேலையிலிருந்து வந்தபோது அந்த முறம் கையுறை எண்ணெய் பூசி மேஜைமேல் இருந்தது. "குழந்தைய வச்சுக்கிட்டு நீ தனியா என்னடி பண்ணுவ?" என்றேன். "மூணு மாசமா ஒவ்வொரு ராத்திரியும் தூக்கத்துல இடது கையத் தூக்கிப் பிடிக்கிற. என் மூக்குல ரெண்டு தடவ பட்டுடுச்சு. போய்ப் பிடிச்சுட்டு வா" என்றாள்.

ஆக, அவளுக்கு ஆட்சேபம் இல்லை. எனக்குத்தான் ஒரு நிபந்தனை.

உன் கை வலித்தால் நான் மறுபடி போய்ச் சொல்வேன். உன்னைக் கேட்கமாட்டேன், ஜாடைகூடக் காட்டமாட்டேன். மறுநாள் விமானம் இருந்தாலும் சொல்வேன், உலகக் கோப்பையே இருந்தாலும் சொல்வேன். அதற்குச் சம்மதம் என்று உன் கைப்பட எழுது. வாயால் சொன்னால் செல்லாது, உன் வாய் கொசுக்கடி என்று சொல்லும். மன்னிப்பு வேண்டாம், அதை நீயே வைத்துக்கொள். இது மட்டும் வேண்டும்.

அந்த எழுத்து வரவில்லை என்றாலும் எனக்கு நஷ்டம் இல்லை. வேர்க்கடலை விதைக்கிற நேரம், பம்புகள் வரிசையில் நிற்கின்றன.

அன்செல்மோ


பியூமாண்ட்
ஏப்ரல் 20, 1986

மாப்பிள்ளை,

மூன்று நாள் இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவை கிழித்தேன்.

சம்மதம்.

இங்கே வருகிற பஸ் 29ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை அமரில்லோவிலிருந்து கிளம்புகிறது. கையுறையை மறக்காதே.

ராய்ஸ்


மில்வாக்கி, ஓட்டல் அறை
செப்டம்பர் 5, 1986

மச்சான்,

நீ போனை வைத்துவிட்டாய். டார்லீன் திரும்ப எடுத்து, "அவன் வெளிய போயிட்டான்" என்றாள். காலில் மாவுக்கட்டோடு எங்கே போவாய்? அதனால் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ஆகஸ்டில் ஒருவன் அடித்த பந்து உன் கணுக்காலில் பட்டு எலும்பு முறிந்து, உன்னைப் போர்ட்டாலஸில் என் வீட்டுக்கு அனுப்பியபோது, என்னையும் அனுப்பிவிடுவார்கள் என்று பெட்டி கட்டினேன். எறிய நீ இல்லாமல் பிடிக்க நான் எதற்கு? பத்து நாள் கழித்து ஸ்டக்கி கூப்பிட்டார். மேலே பெரிய அணியில் கெஸ்லர் என்று ஒரு கிழவர் இருக்கிறாரே, அவரும் இதே சுழலாத பந்துதான் எறிகிறார். அவருடைய கேட்சர் முட்டி போய்ப் படுத்துவிட்டான். மற்றவன் பிடிக்க மறுக்கிறான். "கீழ அந்த மாதிரிப் பந்து பிடிக்கிறவன் யாராவது இருக்கானான்னு கேட்டாங்க" என்றார் ஸ்டக்கி. "ஒருத்தன் இருக்கான், ஆனா வாழ்க்கையில எதையும் அடிச்சதில்லன்னு சொன்னேன். அனுப்புங்கன்னுட்டாங்க."

நான் போகவில்லை என்றேன். நிஜமாகத்தான் சொல்கிறேன். "இது அவன் இடம். அவன் பந்தைப் பிடிச்சுத்தான் எனக்கு இது வந்துச்சு. அவன் கால் சரியாகட்டும், அவனைக் கூப்பிடட்டும்" என்றேன். ஸ்டக்கி தொப்பியைக் கழற்றி மேஜைமேல் எறிந்தார். "அவன் கால் ஒடைஞ்சதுக்கு நீ எதுக்குடா நொண்டுற?" என்றார்.

வந்துவிட்டேன். இங்கே இருக்கிற பையன்கள் பெட்டியைத் தாங்களே தூக்குவதில்லை. சாப்பாட்டில் நண்டு வருகிறது. சட்டையில் என் பெயர் எழுதியிருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ளும்போதெல்லாம் உன் சட்டையைத் திருடிப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது. ஜூலையில் கை வீங்கியபோது நான் பார்ப்பதற்கு முன்னால் நீயே வந்து, "போய்ச் சொல்லுடா, ஒரு வாரம் உட்காரணும்" என்றாயே. அந்த ராய்ஸ் போனை ஏன் வைத்தான் என்று எனக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை கெஸ்லர் எறிகிறார். நான்தான் பிடிக்கிறேன். டிவியில் வருகிறதாம். நீ பார்க்காவிட்டால் பரவாயில்லை.

அன்செல்மோ


போர்ட்டாலஸ்
செப்டம்பர் 11, 1986

மாப்பிள்ளை,

பார்க்காமல் இருப்பேன் என்று எப்படி நினைத்தாய்? உன் வீட்டு நாற்காலி, உன் வீட்டு டிவி, உன் பெண்ணின் தலையணை என் காலுக்கடியில். நீ இல்லாதபோது இந்த வீட்டில் வசதியாகத்தான் இருக்கிறது.

போனை ஏன் வைத்தேன் என்று சொல்கிறேன். "என்னை மேல கூப்பிட்டிருக்கானுங்கடா" என்று நீ சொன்னதும் முதலில் வந்தது பொறாமைதான். மறைக்கவில்லை. அடுத்த நொடியே சிரிப்பு வந்தது. எட்டு வருஷம் நான் எறிகிறேன், இருபது மாதம் பம்பு ரிப்பேர் செய்தவன் போகிறான். சிரிக்காமல் என்ன செய்வது? இரண்டும் ஒன்றாக வந்தன. என்ன சத்தம் வெளியே வருமென்று தெரியவில்லை. அது உன் காதில் விழ வேண்டாம் என்று வைத்தேன். வந்தது அழுகைதான். டார்லீன் பார்த்துவிட்டாள், அதனால் உனக்கு எப்படியும் தெரிந்துவிடும், நானே சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை இங்கே கூட்டம் தாங்கவில்லை. பம்புக் கடை முதலாளி நாற்காலியோடு வந்தார். தபால்காரர் வந்தார். அறிவிப்பாளன் உன் பெயரைக் கிரோகா என்றான். டார்லீன் டிவியைப் பார்த்து, "குவிரோகாடா, குவி, குவி" என்று இன்னிங்ஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டு மரிசெலா, "குவி" என்றாள். அவளுடைய முதல் வார்த்தையை நீ தவறவிட்டாய். நான் கேட்டேன். அதற்காக நான் வருத்தப்படப் போவதில்லை.

ஆறாவது இன்னிங்ஸில் கெஸ்லர் எறிந்த ஒன்று உள்ளே வந்து, வெளியே போய், கடைசியில் படி இறங்குகிற மாதிரி இறங்கியதே. அடிக்கிறவன் மட்டையைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தான், பந்து எங்கே என்று. அது உன் கையில் இருந்தது. நீ எழுந்துகூட நிற்கவில்லை. அறிவிப்பாளன், "இத எங்க கத்துக்கிட்டான்னு தெரியல" என்றான். அறையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தபால்காரர் என் முதுகில் தட்டினார். மாப்பிள்ளை, அந்த நிமிஷம் நானும் அங்கே இருந்தேன். ஆறுதலுக்காகச் சொல்லிக்கொள்ளவில்லை. நிஜமாகவே இருந்தேன்.

உன் மட்டையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். டார்லீன் சொன்னாள்: "ஸ்பானரால அடிச்சிருந்தாலாவது பட்டிருக்கும்."

சட்டையைத் திருடியதாக எழுதியிருக்கிறாய். அந்தப் பேச்சை விடு. அது உன் அளவுச் சட்டை, எனக்குத் தோளில் பிடிக்கும். உன் வேலையைப் பார். எனக்கு அங்கே ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

அந்தக் கெஸ்லருக்கு நாற்பத்து நான்கு வயது. டிவியில் போட்டார்கள். எனக்கு இருபத்தெட்டு. யோசித்துப் பார்த்தால் நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. ஸ்டக்கி நேற்றுப் போன் செய்து, "ஏப்ரல்ல ரெண்டு கால்ல நடந்து வந்தா இடம் இருக்கு" என்றார். ஓடியே வருகிறேன் என்றேன்.

அதனால் கெஸ்லரிடம் சிலது கேட்டு எழுது. நகத்தை எவ்வளவு நீளம் விடுகிறார், உடைந்தால் என்ன பூசுகிறார்? வேர்வையில் விரல் வழுக்கினால் என்ன செய்கிறார்? எதிர்க்காற்றில் மேலே பார்த்துத் தள்ளுகிறாரா, நேராகவா? மழைத் தூறலில் இந்தப் பந்து செத்துப்போகிறதே, அதற்கு ஏதாவது வழி உண்டா? வெட்கப்படாதே, சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேள். அவர் சொன்னதை அப்படியே எழுது, நடுவில் உன் அபிப்பிராயத்தைச் சேர்க்காதே.

மாவுக்கட்டு பிரிக்க இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை சும்மா இருக்க முடியவில்லை. கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு உன் கொட்டகைக் கதவில் எறிகிறேன். நேற்று ஒரு பந்து, அவ்வளவு பெரிய கதவையே தொடாமல் ஓரமாக வளைந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டது.

நல்ல பந்து.

ராய்ஸ்